மல்லிகா கேட்டதும் நான் கொடுத்ததும்

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. கூடுதல் இரண்டும் என் தம்பி பிள்ளைகள். தாயில்லாமல் வந்து சேர்ந்தவர்கள். ஆறு பேரையும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கையால் சோறு போட்டு ஆளாக்கினேன். யாரும் என்னிடம் வந்து கை நீட்டும் நிலையில் இல்லை, நானும் யாரிடமும் நீட்டவில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை உண்டு.

படிப்பு மட்டும் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்று வருடம் உட்கார்ந்தேன். கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், என் பெயர் அஞ்சலை என்று எழுதுவேன். அவ்வளவுதான். இது என் பேத்தி தர்ஷினியின் கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள்.

ஈப்போவில் நம்முடைய பெண்கள் உதவி நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, இதைத் தொடங்கிய அக்காவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். அக்கா போய் இன்னும் ஒரு வருடத் திவசம்கூட ஆகவில்லை. சுவரில் அவர் படத்தை மாட்டி, கீழே "சமூகப் போராளி" என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அக்கா பார்த்திருந்தால், "போராளின்னா லீவு உண்டா லா?" என்று கேட்டிருப்பார்.

அவர் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. உயிரோடு இருந்தபோதே பத்திரிகைக்காரர்களிடம் அவர் சொன்னதுதான்: "ஒரு பேரப் போட்டா, ஒருத்திதான் செஞ்சான்னு நெனச்சுக்குவாங்க." காலையில் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுப்பார். மத்தியானம் ஓர் ஓட்டைக் காரில் தோட்டம் தோட்டமாக அலைவார். என்னைவிட நாலு வயது மூத்தவர். ஆனால் எங்கள் தோட்டத்தில் எழுபது வயதுக் கிழவியும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டாள்.

சட்டம், பாரம், கோர்ட்டு, எந்த இலாகாவுக்கு எந்தக் கடிதம் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்குள் நான் வரவில்லை. நான் செய்த ஒரு தப்பையும், அக்கா அதை எப்படிக் கையாண்டார் என்பதையும் சொல்கிறேன். அவரை நான் புகழ்வதைவிட அது அவரைச் சரியாகக் காட்டும்.

முதலில் அவரை நான் பார்த்த விதம்.

எங்கள் தோட்டம் காம்பாருக்கு உள்ளே தள்ளி இருந்தது. இப்போது அங்கே வரிசையாக மாடி வீடுகள். அப்போது பிள்ளைத்தாய்ச்சிகளையும் மேட்டுக்காட்டில்தான் பால் எடுக்க மரம் வெட்ட விடுவார்கள். இரண்டு பேருக்குக் கரு கலைந்தது. அதைக் கேள்விப்பட்டு அக்கா வந்தார். நாங்கள் பால் நிறுக்க வரிசையில் நிற்கிறோம். கிராணி, அதாவது எங்கள் கணக்குப்பிள்ளை, பாய்ந்து போனார்.

"யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?"

"உள்ள வரலீங்களே. இது கவர்மெண்டு ரோடு. என் செருப்பப் பாருங்க, ரோட்டு மேலதானே இருக்கு?"

கிராணி நிஜமாகவே குனிந்து செருப்பைப் பார்த்தார். வரிசை முழுக்கச் சிரிப்பு. அன்று மாலை வரை அக்கா அங்கேயே குடை பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். நாலாம் நாள் நான் ரோட்டோரக் கால்வாயைத் தாண்டிப் போனேன்.

"ஏன்க்கா இப்படி வெயில்ல காயிறீங்க? என்ன பேசணும்?"

"நான் பேச வரலம்மா. நீங்க பேசுங்க, கேக்குறேன்."

அதுவரை என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கையில் ஒட்டியிருந்த பால் காய்ந்து, அதை நான் தோல் மாதிரி உரித்துப் போட்டு முடிக்கிற வரை பேசினேன். ஒரு மாதம் கழித்து நாங்கள் பெண்கள் பதினான்கு பேர் துரை பங்களாவுக்கு நடந்தோம். அக்கா எங்களோடு வரவில்லை. ரோட்டில் நின்றுகொண்டார். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குச் சமதரைக் காடு கிடைத்தது. திரும்பி வந்தபோது, "என்ன சொன்னீங்க, எப்படிச் சொன்னீங்க?" என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டுக் கேட்டுச் சிரித்தார். அன்றைக்கே, "நீ என்கூட வேலை செய்யிறியா?" என்றார்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதேக்கா."

"எழுத நான் இருக்கேன். லயத்துக்குள்ள ஒரு காது வேணும்."

இப்படித்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். வந்த இரண்டாம் வருடம் மல்லிகா.

எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு அடுத்த வரிசை. இருபத்தாறு வயது, ஒரே பெண் குழந்தை, தேவி, ஐந்து வயது. புருஷன் சேகர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் காய் ஏற்றும் லாரி ஓட்டுவான். என் கையில் சோறு வாங்கித் தின்று வளர்ந்தவன். என்னைச் சின்னம்மா என்பான். கோயில் திருவிழாவில் உறுமி மேளம் அவன்தான். யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் லாரியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவான். தோட்டத்தில் அவனைக் குறை சொல்ல ஆளில்லை.

ஒரு நாள் வெட்டு முடிந்து, பால் இறங்குகிற வரை மரத்தடியில் பசியாறிக்கொண்டிருந்தோம். மல்லிகா எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்த, என்னைய ஈப்போ அக்காகிட்ட கூட்டிட்டுப் போறீங்களா?"

"எதுக்குடி?"

சட்டைக் கையை மேலே தள்ளிக் காட்டினாள். புதுசும் பழசுமாய் நிறம் மாறின காயங்கள்.

"போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணணும் அத்த. புள்ளையத் தூக்கிட்டு எங்கயாச்சும் போயிடணும். இனிமே அந்த வீட்ல நான் இருக்க மாட்டேன்."

இதைவிடத் தெளிவாக ஒரு பெண் கேட்க முடியாது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சேகரா? நம்ம சேகரா?" என்றேன். பிறகு, "பொறுடி, நான் பேசுறேன்" என்றேன்.

தோட்டத்தில் ஒரு வழக்கம். எந்தச் சண்டையானாலும் வெளியே போகாது. மாரியம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி, தப்புச் செய்தவன் சத்தியம் செய்து, உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைப்பான். அதோடு முடிந்தது. அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. எடுத்தால் அம்மனையே சந்தேகப்பட்ட மாதிரி. கோழி திருட்டிலிருந்து பொம்பளைச் சண்டை வரைக்கும் அப்படித்தான் தீர்த்தோம். எனக்கு அதில் முழு நம்பிக்கை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: இரண்டு வருடம் அக்காவுக்குப் பின்னால் பை தூக்கிய எனக்கு, நானே ஒரு காரியத்தை முடித்துக் காட்ட வேண்டும் என்று ஆசை.

வெள்ளிக்கிழமை பூசையில் சேகரை நிறுத்தினேன். அழுதான். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டான். சத்தியம் கனமாக இருக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன், "புள்ள தலையில கைய வச்சு சொல்லு" என்று. தேவி கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றாள். அவன் அவள் தலையில் கையை வைத்தான்.

"ஆத்தா, இனிமே இவ மேல கை வச்சா, இந்தப் புள்ளைய நீயே எடுத்துக்க."

கற்பூரத்தை அடித்து அணைத்தான். கோயில் கமிட்டித் தலைவர் என்னைப் பார்த்து, "அஞ்சலை கெட்டிக்காரிதான். ஈப்போ வரைக்கும் போயிருந்தா தோட்டத்து மானமே போயிருக்கும்" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. மல்லிகா மட்டும் குழந்தையைத் தூக்கி, அவன் கை பட்ட தலையை முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே போனாள். நான் பார்த்தேன். பார்த்தும் யோசிக்கவில்லை.

அடுத்த பஸ்ஸில் ஈப்போ. அப்போது நம் நிலையம் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு மேலே ஒற்றை அறை. அக்கா ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு கேச நானே முடிச்சிட்டேன்."

"அப்படியா! உக்காரு, சொல்லு."

ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து கேட்டார்:

"மல்லிகா ஒன்கிட்ட என்ன கேட்டா?"

"ரிப்போர்ட் பண்ணணும்னு."

"நீ என்ன குடுத்த?"

எனக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தது. "ஒங்களுக்குத் தோட்டத்து வழக்கம் தெரியாதுக்கா" என்றேன்.

"தெரியாதுதான். அதான் கேக்குறேன். சத்தியம் முடிஞ்சப்புறம் அந்தப் பேச்ச யாரு எடுக்கக் கூடாது? அவனா, அவளா?"

சத்தியம் செய்தவன் அவன். வாய் கட்டப்பட்டது அவளுக்கு. இத்தனை வருடம் அந்தக் கோயிலில் பூ கட்டியவள் நான், இது எனக்குத் தெரியவில்லை. வெளியாள் ஒருத்திக்கு ஒரு தட்டு ரொட்டி தின்கிற நேரத்தில் தெரிந்துவிட்டது.

இன்னொருவர் என்றால் என்னைத் திட்டியிருப்பார், இல்லை உடனே காரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்து கலாட்டா செய்திருப்பார். அக்கா இரண்டும் செய்யவில்லை. "வாரா வாரம் அவ வீட்டுக்குப் போ. எதுவும் கேக்காத. சும்மா உக்காந்துட்டு வா" என்றார். சும்மா உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குப் போகப் போகத் தெரியும்.

ஐந்தாறு வாரம் போனேன். மல்லிகா தேத்தண்ணி கொடுப்பாள், சிரிப்பாள். ஒரு மழை நாள், வெட்டு இல்லை. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவள் சாயவில்லை. முதுகைச் சுவரில் படவிடாமல் கம்பு மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி முதுகுல?"

"வழுக்கி வுழுந்துட்டேன் அத்த."

"அவனா?"

பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். குழந்தை உள்ளே பாயில் படுத்திருந்தது.

"சொல்லாதீங்க அத்த. ஒங்க கால்ல வுழுறேன், சொல்லாதீங்க. சத்தியம் ஒடஞ்சதுன்னு ஆத்தாவுக்குத் தெரிஞ்சா புள்ளைய எடுத்துக்குவா. நான் சொல்லாம இருந்தா ஒடையலன்னு நெனச்சுக்குவா. மூணு நாளா காச்சல் அத்த. அவளுக்குத் தெரிஞ்சு போச்சோன்னு பயமா இருக்கு."

பிள்ளைகளே, அந்த இடத்தில் என் உயிர் பாதி போய்விட்டது. அடியை மறைத்தது புருஷனுக்குப் பயந்து அல்ல. நான் கட்டிக் கொடுத்த சத்தியத்திலிருந்து தன் குழந்தையைக் காப்பாற்ற, அவள் வாயை மூடிக்கொண்டு அடி வாங்கியிருக்கிறாள்.

ஈப்போவுக்கு ஓடினேன். அக்காவைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

"நீங்க வந்து சொல்லுங்கக்கா, இதெல்லாம் மூட நம்பிக்கைன்னு. படிச்சவங்க சொன்னா கேப்பா."

"முதல்ல புள்ளைய டாக்டர்கிட்ட காட்டணும். எந்திரி."

அன்றே அழைத்துப் போய்க் காட்டினோம். காதில் சீழ். மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கிவிடும் என்றார்கள். இதுதான் நேரம் என்று எனக்குத் தோன்றியது. "இப்பச் சொல்லுங்கக்கா, சாமியுமில்ல ஒண்ணுமில்லன்னு" என்று கிளினிக் வாசலிலேயே அவர் காதில் சொன்னேன்.

அக்கா என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். தர்ஷினி, இதை நிதானமாக எழுது.

"சாமி இல்லன்னு சொல்லி இன்னிக்கு நான் அவளக் கூட்டிட்டு வந்துருவேன் அஞ்சலை. அடுத்த மாசம் புள்ளைக்குத் திரும்பக் காச்சல் வரும். புள்ளைன்னா வராம இருக்குமா? அப்ப இவ தானா ஓடிப்போயி அவன் கால்ல வுழுவா. அவ நம்பிக்கையோட நான் சண்ட போட மாட்டேன், அதுல அடி வாங்கப் போறது அவதான். நீ போட்ட கட்டு. எப்படி அவுக்கறதுன்னு ஒனக்குத்தான் தெரியும். எனக்கு நெசமாவே தெரியாது."

எனக்கும் தெரியாது. போட்ட சத்தியத்தைத் திருப்பி வாங்கியதை நான் பார்த்ததே இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "அடுத்தவன் தலைமேல வச்ச சுமைய எறக்கணும்னா, ஒன் தலையக் குடுக்கணும்" என்றார். அவருக்கு அவ்வளவு பேசத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம். சேகர் தெலுக் இந்தான் பக்கம் லோடு எடுத்துப் போயிருந்தான், திரும்ப ஆறு மணி ஆகும். அக்கா காரை ரோட்டோரம் நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். "நான் கோயிலுக்குள்ள வந்தா இது என் சண்டையாயிடும்" என்றார். நான் மல்லிகாவையும் தேவியையும் அழைத்துக்கொண்டு போய், பூசைத் தட்டிலிருந்து கற்பூரத்தை எடுத்து அம்மன் முன்னால் வைத்து ஏற்றினேன்.

பூசாரித் தாத்தா பதறிப்போனார். "ஏய், பொம்பள ஏத்தக் கூடாது!"

"தாத்தா, சத்தியத்த நடத்தி வச்சது பொம்பளதான? அப்ப ஏன் சும்மா இருந்தீங்க?"

கமிட்டித் தலைவர் வந்துவிட்டார். "ஈப்போக்காரிகளோட சேந்து ஒனக்கு வாய் நீண்டு போச்சு அஞ்சலை."

நான் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அது எனக்கும் அவருக்கும் சண்டையாகியிருக்கும். அம்மனைப் பார்த்துச் சொன்னேன், எல்லோர் காதிலும் விழும்படி.

"ஆத்தா, அன்னிக்குப் புள்ள தலையில கைய வைக்கச் சொன்னவ நான். புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. இவ கேட்டது வேற, நான் செஞ்சது வேற. அவன் சத்தியத்த ஒடச்சிட்டான். அதுக்கு எது வரணுமோ அது என் தலைக்கு வரட்டும். இந்தப் புள்ளைய விட்டுரு."

உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தேன். ஆண்கள் எப்படி அவ்வளவு சுலபமாக அடிப்பார்கள் என்று தெரியவில்லை. சுட்டது.

மல்லிகா பூசாரியைப் பார்த்தாள். என் சொல் அவளுக்குப் போதாது, அவர் சொல்ல வேண்டும் என்று நிற்கிறாள். அவர் முடியாது என்றால் எல்லாம் போச்சு. கிழவர் கொஞ்ச நேரம் மல்லிகாவின் முதுகையே பார்த்தார். ரவிக்கைக்கு மேலே தழும்பு தெரிந்தது. திருநீற்றுத் தட்டை எடுத்து வந்து தேவியின் நெற்றியில் பூசினார்.

"ஆத்தா புள்ளைய எடுக்க மாட்டாம்மா. அவ பாக்க வேண்டிய ஆளு வேற. நீ போ."

மல்லிகா குழந்தையைத் தூக்கினாள். செருப்பைக்கூட எடுக்காமல் நேராக ரோட்டுக்கு நடந்தாள். அக்கா காரின் பின்பக்கத்தைத் திறந்தார். உள்ளே ஒரு கோணிப்பை நிறைய ஜப்பான் சிலிப்பர், எல்லா அளவிலும்.

"ஒன் காலுக்கு எது சேருது பாரு."

"எதுக்குக்கா இத்தனை?" என்றேன்.

"ஓடி வர்றவங்க செருப்பத் தேடிட்டா வருவாங்க? வெறுங்காலோட கவுண்டருல நின்னா ஒரு மாதிரி பாப்பாங்க லா."

டவுன் போலீஸ் நிலையத்தில் ஓர் இளம் போலீஸ்காரர் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. புருஷன் பெண்டாட்டி விவகாரம்தானே, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளுங்கள் என்று மலாயில் சொன்னார். எனக்கு மலாய் நன்றாக வரும். பதில் சொல்ல வாயெடுத்தேன். அக்கா தன் செருப்பால் என் காலை மிதித்து அழுத்தினார். நான் வாயை மூடிக்கொண்டேன். மல்லிகா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அதற்குள் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். தலைவர், பின்னால் சேகர். தலைவர் ஆள் விட்டு அவனை வழியிலேயே நிறுத்தி அழைத்து வந்துவிட்டார். சேகர் உள்ளே வந்ததும் என் காலைப் பிடித்துக்கொண்டான்.

"சின்னம்மா! இன்னொரு தடவ கற்பூரம் அடிக்கிறேன் சின்னம்மா. ஒங்க முன்னாடி, இங்கயே அடிக்கிறேன். அவள வரச் சொல்லுங்க."

நிஜமாகவே அழுகிறான். நடிப்பில்லை. சின்னப் பிள்ளையில் எனக்குத் தெரிந்த அதே அழுகை.

தலைவர் சொன்னார், "நீதான ஆரம்பிச்ச அஞ்சலை, நீயே முடிச்சு வை. ஒரு வார்த்த சொல்லு. எல்லாரும் வீட்டுக்குப் போலாம்."

போலீஸ்காரருக்கும் நிம்மதி. மக்சிக், அதாவது பெரியம்மா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று என்னையே பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். மல்லிகாவை யாரும் பார்க்கவில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த காணாமல் போனவர் படத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு கவனமாக அதைப் படிக்க ஒன்றுமில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த ஒரு வார்த்தையை அவர் எனக்காகச் சொல்ல மாட்டார்.

"என்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க? அடி வாங்குனது நானா? அவளுக்கு வாய் இருக்கு. அவளக் கேளுங்க" என்றேன்.

மல்லிகா தலையைத் தூக்கினாள். புருஷனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. போலீஸ்காரரைப் பார்த்து, அவளுக்குத் தெரிந்த கொஞ்சூண்டு மலாயில் சொன்னாள்: "சாயா தாக் மாவு பாலேக்." திரும்பிப் போக மாட்டேன். அவர் "என்ன?" என்றார். இன்னொரு முறை சொன்னாள், சத்தமாக. மூன்றாம் முறை சொன்னபோது தேவி மிரண்டுபோய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். போலீஸ்காரர் காகிதத்தை இழுத்தார்.

அதற்குப் பிறகுதான் அக்கா பேசினார். ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வேண்டும், எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகே அவள் கையெழுத்துப் போடுவாள், இரண்டே இரண்டு விஷயம். மரியாதையாக, ஒரு சொல் கூடாமல் குறையாமல்.

கதை அங்கே சுபமாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மல்லிகா நம்முடைய அறையில் தங்கி, பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலைக்குப் போனாள். மூன்றாம் மாதம் திரும்பி அவனிடமே போய்விட்டாள். எனக்கு வந்ததே கோபம்! கையைச் சுட்டுக்கொண்டேன், கோயிலில் எனக்குப் பிரசாதம் கொடுப்பதில்லை, லயத்தில் "ஈப்போக்காரி வர்றா" என்று கேலி, எல்லாம் இவளுக்காக. என் வீட்டுக்காரர் பாவம், "பொங்கல வீட்லயே பொங்கிக்கலாம் விடு" என்று என்னைத் தேற்றினார். ஒரு மாதம் கழித்து மல்லிகா குழந்தையோடு மாமாக் கடைப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்திருந்தாள். மேலே ஏற வெட்கம். அக்கா இறங்கி வந்தார். ஏன் போனாய், என்ன நடந்தது என்று ஒன்றும் கேட்கவில்லை.

"பசியாறிட்டியா?" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவள் போகவில்லை. அக்காவுக்குக் கோபமே வராது என்று நினைக்காதீர்கள். பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார், அந்த ஒரு மாதமும் தூங்கவில்லை என்று. ஆனால் அந்தக் கோபம் மல்லிகாவின் காதுக்குப் போய்ச் சேரவே இல்லை. நான் பார்த்த மனிதர்களில் இதைச் செய்யத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். முப்பது வருடம் அவர் கூடவே இருந்தும் எனக்கு இன்றுவரை சரியாக வரவில்லை.

அவர் சாவுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் எனக்குத் தெரியாத பெண்கள். சிலிம் ரிவரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தது. பொம்பளைங்க எல்லாம் வீட்டோடு நில்லுங்கள், சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று ஒரு பெரியவர் சொன்னார். யாரும் அவரோடு வாதாடவில்லை. யாரும் நிற்கவும் இல்லை. அந்தப் பெரியவரே கொஞ்ச தூரம் போனதும், எங்களில் ஒருத்திக்கு மேடு ஏறக் கை கொடுத்தார்.

இவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. நாளைக்கு ஒரு பெண் உங்கள் முன்னால் வந்து உட்காருவாள். அவளுக்கு எது நல்லது என்று உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். நீங்கள் படித்தவர்கள், என்னைவிடச் சீக்கிரம் தெரியும். அங்கேதான் கவனமாக இருக்க வேண்டும்.

தர்ஷினி, இப்போது எனக்கு வாசித்துக் காட்டு. முதலிலிருந்து வேண்டாம், என் வயதும் பிள்ளைக் கணக்கும் எனக்குத் தெரியும். மரத்தடியில் மல்லிகா வந்து உட்கார்ந்தாளே, அங்கிருந்து வாசி. மெதுவாக. நீ பாட்டியைக் காப்பாற்றுகிறவள். அந்த இடத்தில் "தெரியாமல் செய்துவிட்டேன்" என்று ஏதாவது சேர்த்திருந்தால் அடித்துவிடு. அவள் கேட்டது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது.

ம், வாசி.